நாலு திசை, நாலு நாள்

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு யுக்தி செய்வதுண்டு. ரயிலும் பஸ்ஸும் நாலா பக்கமும் புறப்படுகிற மலையடிவாரத்து ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஓர் அறையை அமர்த்திக்கொண்டு விடுவார்கள். காலையில் ரொட்டியையும் பழத்தையும் பையில் போட்டுக்கொண்டு ஒரு திசையில் கிளம்புவார்கள். இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்து விடுவார்கள். மறுநாள் வேறு திசை. தினந்தோறும் மூட்டையைக் கட்டி அவிழ்க்கும் தொல்லை இல்லை. குழந்தைகளுக்குப் புதுப் படுக்கையில் தூக்கம் வராத சங்கடமும் இல்லை.

இந்த யுக்திக்கு நம் நாட்டில் ஏற்ற ஊர் எது என்று யாராவது கேட்டால், கோயம்புத்தூர் என்று நான் தயங்காமல் சொல்வேன். சொந்த ஊர் அபிமானம் என்று நினைக்க வேண்டாம். தேசப் படத்தை விரித்துப் பாருங்கள். வடக்கே நீலகிரி. மேற்கே வெள்ளியங்கிரியும் சிறுவாணி மலைகளும். தெற்கே ஆனைமலை. மேற்கு மலைக்கும் தெற்கு மலைக்கும் நடுவே, யாரோ கதவைத் திறந்து வைத்துவிட்டு மூட மறந்தாற்போல, பாலக்காட்டுக் கணவாய். கிழக்கே மட்டும் செம்மண் பூமி மெல்ல மெல்லச் சரிந்து காவேரிக் கரை வரையில் போகிறது. எந்தத் திசையில் கிளம்பினாலும் மூன்று நாலு மணி நேரத்துக்குள் வேறொரு சீதோஷ்ணம், வேறொரு காட்சி.

இருந்தும் நம் குடும்பங்களில், "ஒரு நாள் வெளியே போய் வருவோமா?" என்றால், ஊட்டிக்குப் போவோமா என்றுதான் அர்த்தம். பள்ளிக்கூட ஆசிரியனாகையால், வருஷந்தோறும் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பொறுப்பு என் தலையில் விழுகிறது. அந்த அனுபவத்தில் நான் வகுத்துக்கொண்ட முறை ஒன்று உண்டு: வருஷத்தில் நாலு நாள், திசைக்கு ஒரு நாள். நாலு நாளும் பிள்ளைகளிடம் ஒரே கேள்வி: "நம் ஊருக்கு இங்கிருந்து என்ன வருகிறது?"

கேள்வி அற்பமானதல்ல. மலைகள் மழை மேகங்களைத் தம் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வதால், கோவை நகரில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை சராசரியாக 70 சென்டிமீட்டருக்குள்தான். இவ்வளவு கொஞ்சமாக மழை பெறும் ஊர் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி? புத்தகத்தில் தேடுவதைவிடப் பஸ்ஸில் ஏறித் தேடுவது மேல்.

மேற்கே

முதல் நாளை மேற்கிலே தொடங்குவது உத்தமம். தூரமும் குறைவு, செலவும் குறைவு. டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் சற்று நேரத்தில் பேரூர் வந்துவிடும். பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபத்தில் நாயக்கர் காலத்துச் சிற்பங்களைப் பார்த்து முடிப்பதற்கே ஒரு மணி நேரம் வேண்டும். கல்லிலே வளையம் வளையமாகக் கோத்துத் தொங்கவிட்ட சங்கிலியைக் கண்ட குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள். இவ்வூரில் 'இறவாப் பனை' என்றும் 'பிறவாப் புளி' என்றும் இரண்டு மரங்களைப் பற்றிச் சொல்வார்கள். சாவில்லாத பனை ஒன்று. விதை முளைக்காத புளி மற்றொன்று. பிறப்பும் இறப்பும் இல்லாத நிலையை இரண்டு மரங்களை வைத்து விளக்கிவிட்ட நம் முன்னோர் நல்ல உபாத்தியாயர்களாக இருந்திருக்க வேண்டும்.

கோயிலுக்குப் பக்கத்தில் நொய்யல் ஆறு. காஞ்சிமாநதி என்பது அதன் பழம் பெயர். ஆடிப் பெருக்கன்று படித்துறையில் கால் வைக்க இடம் இராது. மற்ற நாட்களில் பெரும்பாலும் மணலும் கோரையும்தான் கண்ணில் படும். "இதுவா சார், நதி?" என்று ஏதாவது ஒரு பையன் கேட்பான். அவனுக்குப் பதில் சொல்லாமல் மேற்கே போகும் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும்.

பேரூரைத் தாண்டினால் பூமியின் நிறமே மாறுகிறது. ஆலாந்துறைப் பக்கத்தில் வாழையும் பாக்கும் தென்னையும் சாலைக்கு நிழல் விரிக்கின்றன. எதிரே மலை நெருங்கி வந்துகொண்டே இருக்கிறது. சாடிவயலில் வனத் துறையாரின் அனுமதி பெற்று, அவர்களுடைய வண்டியில் சிறிது தூரமும் கால்நடையாகச் சிறிது தூரமும் போனால் கோவைக் குற்றாலம். வெள்ள அபாயம் உள்ள நாட்களில் அருவியை மூடிவிடுவார்கள். விசாரித்துக்கொண்டு போவது நல்லது. யானைகள் நடமாடும் காடு ஆதலால், மாலையில் இருட்டுவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். இந்த மலைச் சரிவிலே இறங்கும் ஓடைகள் ஒன்றுசேர்ந்துதான் நொய்யலாகின்றன. பேரூரில் கேட்ட கேள்விக்கு, குளிர்ந்த தண்ணீரில் முழங்கால் வரை நின்றுகொண்டு அந்தப் பையன் தானே பதில் சொல்லிக்கொள்வான்.

மலையின் மறுபுறத்தில் இருப்பது சிறுவாணி. அது பவானியோடு போய்ச் சேரும் ஆறு. அதைத் தன் வழியே விட்டிருந்தால் கோவைக்கு அதில் ஒரு குடம் கூடக் கிடைத்திராது. ஏறக்குறைய 1930-ல் மலையைக் குடைந்து அந்த நீரை இந்தப் பக்கம் கொண்டு வந்தார்கள். நகரசபைத் தலைவராயிருந்து அதற்காகப் பாடுபட்டவர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார். ஆர். எஸ். புரத்தில் குடியிருப்பவர்கள், தங்கள் விலாசத்திலுள்ள அந்த இரண்டு எழுத்துகளும் அவர் பெயரே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். பின்னர் 1973-ல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, கேரள எல்லைக்குள் தமிழ்நாட்டின் செலவில் ஓர் அணையும் எழுந்தது. சிறுவாணி நீர் உலகிலேயே இரண்டாவது சுவையான நீர் என்று எங்கள் ஊரார் சொல்லிக்கொள்வது வழக்கம். பரீட்சை வைத்தவர் யார், முதல் மதிப்பெண் வாங்கியது எது என்று கேட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனாலும் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தவர்கள் மறு விசாரணை கோருவதில்லை.

வடக்கே

இரண்டாம் நாள் ஊட்டிதான். உதகமண்டலம் என்ற முழுப் பெயரால் சொல்வது இன்னும் அழகு. ஆனால் மோட்டாரில் விரைந்து போய், ஏரியில் படகு விட்டு, வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்புவதற்காக அல்ல. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கோவையைத் தொடுகிறது. அதில் ஏறினால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏழு மணியையொட்டிப் புறப்படும் மலை ரயிலைப் பிடிக்கலாம். இடத்துக்கு வெகு நாள் முன்னதாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு.

இந்த ரயில் 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் உதகை வரைக்கும் போடப்பட்டது. நீளம் 46 கிலோமீட்டர், வளைவுகள் 208, குகைகள் 16, பாலங்கள் 250. கல்லாறு ஸ்டேஷன் வந்ததும், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புத் தண்டு ஆரம்பமாகிறது. எஞ்சினின் அடியிலுள்ள பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயரம்! எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை. பின்னாலிருந்து, மாடி ஏறும் தாத்தாவைப் பேரன் தாங்கித் தள்ளுவது போலத் தள்ளுகிறது. வழியில் நின்று நின்று தண்ணீர் குடிக்கிறது. அந்த இடைவேளையில் குரங்குகள் நம் கட்டுச்சாதத்தைச் சோதனை போட வந்துவிடும். பையின் வாயைக் கட்டி வையுங்கள்.

இந்தப் பல் சக்கர முறையைக் கண்டவர் ரோமன் ஆப்ட் என்ற ஸ்விட்ஜர்லாந்துக்காரர். எஞ்சின்களும் அந்நாட்டு விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. ஆக, ஆல்ப்ஸ் மலை நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னாலும் பாதி உண்மை. மற்றப் பாதி இன்னும் மகிழ்ச்சி தருவது: 2011-ஆம் ஆண்டு முதலாகத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம்மவர்களே இதற்குப் புது நீராவி எஞ்சின்கள் செய்து கொடுத்திருக்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

நண்பகலில் உதகையை அடைந்தால், 1848-ல் அமைத்த தாவரவியல் பூங்காவைப் பார்த்து, புல்தரையில் அமர்ந்து சாப்பிட நேரம் சரியாக இருக்கும். கீழே இறங்க, கோத்தகிரி வழியாகப் போகும் பஸ்ஸைத் தேடிப் பிடிப்பதில் ஒரு லாபம் உண்டு. கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி, கோத்தகிரிக்கு அருகில்தான் முதலில் வீடு கட்டினார். கன்னேரிமுக்கில் அந்த வீடு நினைவகமாக இருக்கிறது. அவர் நீலகிரியைக் 'கண்டுபிடித்தார்' என்று பாடப் புத்தகத்தில் எழுதுவதுண்டு. தோதவரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மலையை ஒருவர் கண்டுபிடித்தார் என்பது, அடுத்த வீட்டுக்காரரின் கூடத்தை நாம் கண்டுபிடித்ததாகச் சொல்வது போன்றது.

இங்கிருந்து நம் ஊருக்கு என்ன வருகிறது? நகரத்தின் ஒரு பகுதிக்குப் பில்லூர் அணையிலிருந்து பவானித் தண்ணீர் வருகிறது. மின்சாரமும் வந்தது. உதகைக்கு மேற்கே பைக்காரா ஆற்றின் வீழ்ச்சியைக் கொண்டு 1932-ல் மின் உற்பத்தி தொடங்கிய பிறகே, கோவையில் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்து பழகிய ஊரார், அந்தச் சங்கின் மூச்சு எந்த மலையிலிருந்து வந்தது என்று ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பது நியாயம். இப்போதோ மலையே மூச்சுத் திணறுகிறது. மோட்டார் வண்டிகள் அளவு கடந்துவிட்டதால், உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு மின்வழி அனுமதிச் சீட்டு முறை வந்தது. ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்கள் மலைக்கு அந்த அளவு உபகாரம் செய்கிறார்கள்.

தெற்கே

மூன்றாம் நாள் நீண்ட நாள். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் விடியற்காலை முதலே கிடைக்கும். 40 கிலோமீட்டர் தூரமும் தென்னந்தோப்புகள் துணை வரும். பொள்ளாச்சியில் ஓர் இளநீர் சாப்பிடாமல் மேலே போவது மரியாதை அல்ல.

ஆனைமலையில் மாசாணியம்மன் கோயில். அம்மன் இங்கே நின்ற கோலத்திலும் இல்லை, இருந்த கோலத்திலும் இல்லை. நீட்டி நிமிர்ந்து சயனித்திருக்கிறாள். களவு கொடுத்தவர்களும் வஞ்சிக்கப்பட்டவர்களும் இங்கு வந்து மிளகாயை அரைத்துப் பூசி நியாயம் கேட்கிறார்கள். கோர்ட்டுக் கட்டணமும் வாய்தாவும் இல்லாத நீதிமன்றம் இது.

ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலைப் பாதை தொடங்குகிறது. வால்பாறை போய்ச் சேருவதற்குள் 40 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருப்பதால் குழந்தைகளுக்குக் கணக்குப் பாடமும் ஆகிறது. தலை சுற்றுகிறவர்களுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்ற ஆறுதலும் ஆகிறது. ஒன்பதாவது வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால், ஆழியாறு நீர்த்தேக்கம் காலடியில் கண்ணாடித் துண்டாகக் கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால், எதிர்ப் பாறையில் வரையாடுகள் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது.

மேலே போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. பச்சைக் கம்பளம் என்று சொல்வது எல்லோருக்கும் வழக்கம். அந்தக் கம்பளத்தை நெய்தவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும். சமவெளியில் பஞ்சம் பிழைக்க வழியற்றவர்களைக் கங்காணிகள் ஆசை காட்டி அழைத்து வந்தார்கள். குளிரிலும் காய்ச்சலிலும் அவர்கள் பட்ட பாட்டை, இத்தோட்டங்களில் வைத்தியராயிருந்த பி. எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் ஒரு நாவலாக எழுதினார். 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் இரா. முருகவேள் அதைத் தமிழில் தந்திருக்கிறார். வால்பாறைக்குப் போகிறவர்கள் போவதற்கு முன் ஒரு முறை அதைப் படித்துவிட்டால், தேயிலைச் செடியின் உயரம் கண்ணுக்கு வேறாகத் தெரியும்.

தோட்டங்களுக்கிடையே மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளில் சிங்கவால் குரங்கும் இருவாட்சிப் பறவையும் வாழ்கின்றன. யானைகள் ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குப் போகத் தேயிலை வழியாகத்தான் நடக்க வேண்டும். ஆகையால், பக்கத்தில் யானை வந்திருக்கிறது என்று தொழிலாளிகளுக்கு அறிவிக்க, உயர்ந்த இடங்களில் சிவப்பு விளக்குகள் நிறுத்தியிருக்கிறார்கள். தொலைபேசி மூலமாகவே அவற்றை எரிய விடலாம். மனிதனும் யானையும் ஒருவருக்கொருவர் வழி விட்டுப் பிழைக்கச் செய்திருக்கும் இந்த ஏற்பாடு, பெரிய அணைக்கட்டைவிடக் குறைந்த அதிசயம் அல்ல.

அணைக்கட்டும் இங்கு அதிசயம்தான். சோலையாறு, பரம்பிக்குளம் முதலிய ஆறுகள் மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் விழுபவை. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் அந்த நீரில் ஒரு பங்கை அணைகளில் மறித்து, சுரங்கம் வழியாகவும் கால்வாய் வழியாகவும் கிழக்கே திருப்பினார்கள். கேரளத்தோடு அதற்கான உடன்படிக்கை 1970-ல் கையெழுத்தாயிற்று. பொள்ளாச்சி, உடுமலைச் சீமையில் பச்சையாகத் தெரிவதெல்லாம், மேற்கே போக இருந்த மழை மனம் மாறிக் கிழக்கே வந்ததன் பலன்.

கிழக்கே

நாலாம் நாள் மலை இல்லை, அருவி இல்லை. அதனாலேயே இந்தத் திசைக்கு யாரும் உல்லாசமாகப் போவதில்லை. நான் பிள்ளைகளைத் தவறாமல் அழைத்துப் போகும் திசை இதுதான்.

அவிநாசியில் இறங்கி, முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் மீட்ட கதையைக் கோயிலில் கேட்டுவிட்டு, திருப்பூருக்குப் போக வேண்டும். 1932 ஜனவரியில் கொடியைக் கைவிடாமல் அடிபட்டு உயிர் நீத்த குமரனின் ஊர்வலம் நடந்த நகரம். இன்று உலகத்துக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்பும் நகரம். பிறகு சென்னிமலை, குமரன் பிறந்த ஊர், போர்வைக்கும் பெயர் பெற்ற ஊர். அதற்கு அருகே, நொய்யலின் குறுக்கே நிற்கிறது ஒரத்துப்பாளையம் அணை.

சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காக 1990களின் தொடக்கத்தில் கட்டியது அது. சில வருஷங்களிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதில் வந்து தேங்கிற்று. அணை கட்டித் தண்ணீர் கேட்ட குடியானவர்களே, "தயவு செய்து மதகைத் திறக்காதீர்கள்" என்று மன்றாடும்படி ஆயிற்று. தென்னையும் கிணறும் கெட்டன. வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தம் செய்ய முடியாத பட்டறைகளை மூடும்படி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அப்போது வேலை போயிற்று. சுத்திகரித்த நீரையே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தும் முறை அதன் பின் வேரூன்றியது. நதியைக் கெடுத்தால் கடைசியில் தொழிலும் கெடும் என்பதை இவ்வளவு பெரிய விலை கொடுத்துப் படித்த ஊர் வேறு இல்லை.

பழியைத் திருப்பூர் மீதே போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சாயம் அவர்களுடையதானால், சாக்கடை நம்முடையது. பேரூரைத் தாண்டியதும் கோவை நகரத்தின் கழிவு நீர் நொய்யலில் கலக்கிறது. நகரத்துக்குள்ளே ஆற்றுநீரை வாங்கித் தேக்குவதற்காக முன்னோர் வெட்டி வைத்த உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாவற்றிலும் ஆற்று வெள்ளத்தோடு அதுவும் போய்ச் சேருகிறது. ஏறக்குறைய 180 கிலோமீட்டர் நடந்து, கரூர் ஜில்லாவில் நொய்யல் என்ற ஊருக்கருகே காவேரியை அடைகிறது இந்த ஆறு. வெள்ளியங்கிரி கொடுத்த நீரை நாம் எந்த நிலையில் காவேரியிடம் சேர்ப்பிக்கிறோம் என்பதைக் கிழக்கே போனவர்கள்தாம் அறிவார்கள்.

மூன்று திசைகளில், "நம் ஊருக்கு இங்கிருந்து என்ன வருகிறது?" என்று கேட்கும் பிள்ளைகள், ஒரத்துப்பாளையத்துக் கரையில் நின்றதும் கேள்வியைத் தாங்களே மாற்றிவிடுகிறார்கள்: "நம் ஊரிலிருந்து இங்கே என்ன வருகிறது?" ஆசிரியன் சொல்லிக் கொடுத்து வரும் கேள்வி அல்ல அது.

அடுத்த விடுமுறையில் அன்பர்கள் இந்த நாலு பிரயாணங்களையும் செய்து பார்க்கலாம். சாமான் அதிகம் வேண்டாம்: ஒரு பாத்திரம் அரிசியும் பருப்பும் சாதம், குடிதண்ணீர், வெயிலுக்குக் குடை, மலைக்குக் கம்பளி. பிளாஸ்டிக் பை வேண்டாம். மலையில் அதற்குத் தடை, ஆற்றுக்கு அது பகை. ஒரே ஒரு நாள்தான் அவகாசம் உண்டென்றால் மேற்கே போங்கள். இரண்டு நாள் கிடைத்தால் வடக்கேயும், மூன்று கிடைத்தால் தெற்கேயும் போகலாம். நாலாவது நாளும் கிடைத்தால், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக் கிழக்கைத் தள்ளிவிட வேண்டாம். குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.